பழைய கேரவனுக்குள் பேட்டரி ஸ்கூட்டரை ஏற்றிச் செல்ல வழி சொல்லுங்கள்

கேள்வி (தக்கலை)

அனைவருக்கும் வணக்கம். எங்களிடம் 2009-இல் பதிவான வேன் ஒன்று இருக்கிறது. முன்பு சுற்றுலாவுக்கு ஓடிய அந்த வண்டியில் கட்டில், சிறு அடுப்படி, 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றைப் பொருத்திக் கேரவனாக மாற்றி, ஆர்.சி.யிலும் முறையாகப் பதிந்திருக்கிறோம். பக்கவாதம் வந்த பிறகு அப்பாவால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான்கைந்து அடி எடுத்துவைக்க முடிகிறதே தவிர, அதற்கு மேல் நான்கு சக்கர பேட்டரி ஸ்கூட்டர்தான் அவருக்குக் கால். முட்டம், வட்டக்கோட்டை என்று அருகில் உள்ள இடங்களுக்கும், முடிந்தால் மதுரைக்கும் குடும்பத்தோடு போய்வர வேண்டும் என்று ஆசைப்படுகிறார்.

ஸ்கூட்டரின் நீளம் 120 செ.மீ., அகலம் 60 செ.மீ., எடை 75 கிலோ. வேனின் பக்கக் கதவு 72 செ.மீ. திறக்கிறது; உள்தளம் தரையிலிருந்து 65 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. பின்கதவை ஒட்டிக் கட்டிலின் கீழே வைப்பதா, வெளியே பின்னால் கேரியர் அடிப்பதா, பக்கக் கதவு வழியாக உள்ளே ஏற்றுவதா என்று முடிவெடுக்க முடியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1 (பார்வதிபுரம், பாடி கட்டும் பட்டறை)

தம்பி, பின்னால் கேரியர் அடிக்கும் எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். பின் அச்சுக்குப் பின்னால் தொங்கும் எடை தன் அளவோடு நிற்பதில்லை. ஸ்கூட்டரும் கேரியரும் சேர்ந்து 100 கிலோ, அது பின் அச்சிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்கிறது, இரண்டு அச்சுகளுக்கும் இடைவெளி 3 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், பின் அச்சில் 150 கிலோ ஏறும். முன் அச்சில் 50 கிலோ குறையும். முன்சக்கரம் இலேசானால் ஸ்டியரிங் பிடிமானம் போய்விடும். நீங்கள் மதுரைக்குப் போகும் வழியில் ஆரல்வாய்மொழியையும் முப்பந்தலையும் தாண்ட வேண்டும். காற்றாலைகளைச் சுழற்றுகிற அந்தக் காற்று, உறை போட்டுப் பின்னால் கட்டிய ஸ்கூட்டரைச் சும்மா விடாது. கட்டிலின் கீழே பின்கதவை ஒட்டி வைத்தாலும், அளவில் குறைவாக இருக்குமே ஒழிய, இதே சிக்கல்தான்.

வைக்க வேண்டிய இடம் இரண்டு அச்சுகளுக்கும் நடுவே, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், வலப்பக்கச் சுவரை ஒட்டி நீளவாக்கில். அங்கே இருக்கையோ அலமாரியோ இருந்தால் கழற்ற வேண்டியிருக்கும். ஆனால் ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்வதால், இருக்கையில் கை வைக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். 15 ஆண்டு கடந்த வண்டி என்பதால் பதிவைப் புதுப்பிக்க நீங்கள் எப்படியும் அங்கே போகத்தான் வேண்டும்.

அடுத்தது தரை. பழைய வேன்களில் ரெக்ஸினுக்கு அடியில் பிளைவுட்தான் இருக்கும். கதவோரத்தில் மழைநீர் இறங்கி அது உளுத்திருக்கும். ரெக்ஸினைத் தூக்கி, ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். முனை மெத்தென்று இறங்கினால் பலகையை மாற்றாமல் வேறு எந்த வேலையும் தொடங்கக் கூடாது. ஸ்கூட்டரைக் கட்டும் வளையங்களைப் பலகையில் ஸ்க்ரூ அடித்து நிறுத்தினால் போதாது. போல்ட் தரையைத் துளைத்து, கீழே சேசிஸின் (வண்டியின் அடிச்சட்டம்) குறுக்குச் சட்டத்தில் இறங்கி நிற்க வேண்டும். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு ராட்செட் பெல்ட் (இழுத்து இறுக்கிப் பூட்டும் பட்டை) போட்டு, கொக்கிகளை ஸ்கூட்டரின் இரும்புச் சட்டத்தில் மாட்டுங்கள். கைப்பிடியிலோ பிளாஸ்டிக் மூடியிலோ மாட்டினால் சடன் பிரேக்கில் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அப்பா ஒருபோதும் ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடி பயணம் செய்யக் கூடாது. வேன் இருக்கையில் சீட் பெல்ட்டோடுதான் உட்கார வேண்டும்.

புறப்படும் முன் எடை மேடையில் முன்சக்கரங்களைத் தனியாகவும் முழு வண்டியையும் ஏற்றிப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டியைக் கால்பங்கு மட்டும் நிரப்பிக்கொண்டு போனால் 75 கிலோ மிச்சம். ஸ்கூட்டரின் எடை அதிலேயே ஈடாகிவிடும்.

பதில் 2 (மார்த்தாண்டம், எலக்ட்ரீஷியன்)

ஏற்றுவதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 65 செ.மீ. உயரத்துக்கு 2 மீட்டர் சாய்பலகை போட்டால் சரிவு ஏறக்குறைய 19 பாகை. பெரும்பாலான பேட்டரி ஸ்கூட்டர்கள் அவ்வளவு செங்குத்தில் ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. மோட்டாரைப் போட்டு ஏற்ற முயலாதீர்கள். கையால் தள்ளுவதற்காக ஸ்கூட்டரில் உள்ள லீவரை விடுவித்தால், மோட்டாரில் உள்ள மின்காந்த பிரேக்கும் விடுபட்டுவிடும். கை நழுவினால் கீழே நிற்பவர் மீதுதான் வண்டி வரும்.

பேட்டரியையும் இருக்கையையும் கழற்றிவிட்டால் 75 கிலோ ஏறத்தாழ 43 கிலோவாகக் குறையும். முழு எடையோடு தள்ள 24 கிலோ அளவுக்கு அழுத்தம் தேவைப்படும் சரிவில், அப்போது 14 கிலோ போதும். எதிர்ச்சுவரில் பிரேக் உள்ள கைவின்ச் (கையால் சுற்றிக் கயிற்றை இழுக்கும் கருவி) ஒன்றைப் பொருத்தினால் ஒருவரே நிதானமாக ஏற்றிவிடலாம். உள்ளே வந்ததும் பின்பக்கத்தை இருவர் தூக்கித் திருப்பிச் சுவரோரம் நிறுத்தி, லீவரை மறுபடியும் பிரேக் நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

சார்ஜ் விஷயத்தில் பலர் தடுமாறுகிறார்கள். ஸ்கூட்டரில் 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டு சேர்ந்து 24 வோல்ட் தருகின்றன. வேனில் இருப்பதோ 12 வோல்ட். நேராக வயர் இழுக்கக் கூடாது. இன்வெர்ட்டர் வழியாக ஸ்கூட்டரின் சொந்தச் சார்ஜரைத்தான் போட வேண்டும். 35 ஏ.எச். (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி என்றால் முழுதாக ஏற்ற, இழப்பும் சேர்த்து, வேன் பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 90 ஏ.எச். போய்விடும்; எஞ்சினை அணைத்துவிட்டுச் சார்ஜ் போட்டால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. இரவு தங்கும் இடத்தில் பிளக் பாயின்ட்டில் போடுவதே நல்லது.

பதில் 3 (குளச்சல்)

என் மாமியாரை இதுபோன்ற ஸ்கூட்டரோடு வெளியே அழைத்துச் செல்பவள் என்ற முறையில் சொல்கிறேன். மேலே இருவரும் வண்டியைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள்; அப்பா எப்படி இறங்குவார் என்பதையும் யோசியுங்கள். 65 செ.மீ. ஏறி இறங்குவது பக்கவாதம் வந்தவருக்கு மலை ஏறுவதற்குச் சமம். அகலமான படிப்பெட்டி ஒன்றும், அவருடைய பலமுள்ள கைப்பக்கம் ஒரு பிடிகம்பியும் கட்டாயம் வேண்டும். ஏறும்போது ஒரு கையும் இறங்கும்போது மறு கையும் கம்பிப்பக்கம் வரும் என்பதை மறந்துவிடாதீர்கள். கம்பியை இரு பக்கமும் போட்டுவிடுவது நல்லது. ஸ்கூட்டரை இறக்கி, பேட்டரி மாட்டி முடியும்வரை அவர் வேனுக்குள் மின்விசிறியின் கீழேயே இருக்கட்டும். வெயிலில் நிற்கவைத்தால் அன்றைய ஆசையே அவருக்கு அற்றுப்போகும்.

கடற்கரையிலிருந்து திரும்பியதும் சக்கரத்தை ஈரத்துணியால் துடையுங்கள். ஹோஸ் பிடித்துக் கழுவினால் தண்ணீர் மோட்டாருக்குள் போகும். எங்கள் ஊர் உப்புக்காற்றில் சாதாரண போல்ட் சீக்கிரமே துருவேறிவிடும் என்பதால், தரை வளையங்களை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்குங்கள்.

கேள்வி கேட்டவர் (தக்கலை)

அண்ணாச்சிக்கும் அக்காவுக்கும் மார்த்தாண்டம் நண்பருக்கும் மிக்க நன்றி. பலகை கதவோரத்தில் உளுத்துத்தான் இருக்கிறது. அந்த வேலையிலிருந்து தொடங்குகிறேன். ஒரே ஒரு சந்தேகம்: கழற்றி மடிக்கும் சிறிய ஸ்கூட்டர் வாங்கிவிட்டால் இவ்வளவும் தேவைப்படாதே?

பதில் 3 (குளச்சல்)

தூக்குவதற்கு எளிதுதான், தம்பி. ஆனால் அதன் சக்கரம் சிறியது. சிமெண்ட் கல் பதித்த நடைபாதையின் இடுக்கிலும் மணல் படிந்த ஓரத்திலும் சிக்கிக்கொள்ளும். ஒரு பக்கம் பலமில்லாதவர் அந்தக் குலுக்கலில் சாய்ந்துவிடுவார். அப்பா பழகிய பெரிய ஸ்கூட்டரையே வைத்துக்கொள்ளுங்கள்.