மானியம் யாருக்கு, பாக்கி யாருக்கு?

லேத் பட்டறை, கோவை:
புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு மானியம் தருவதையே நிறுத்திவிடலாம் என்பது என் கட்சி. பி.எம்.இ.ஜி.பி. என்கிற மத்திய அரசின் சுயதொழில் கடன் திட்டத்தில் உற்பத்தித் தொழில் என்றால் 50 லட்சம் வரை திட்டம் போடலாம், அந்தச் செலவில் 15 முதல் 35 சதவீதம் வரை மானியம். உடனே, மானியம் கூடட்டும் என்று மெஷின் விற்கிறவரே விலை கொட்டேஷனை ஏற்றிப் போட்டுத் தருகிறார். மானியத்துக்காகவே தொழில் தொடங்கும் கூட்டம் ஒன்று இருக்கிறது.

மசாலா அக்கா, திண்டுக்கல்:
மானியத்தைக் கையில் கொடுப்பதாக யார் சொன்னது அண்ணே? நான் அதே திட்டத்தில்தான் மசாலா அரைக்கும் பல்வரைசர் மெஷின் வாங்கினேன். மானியப் பணம் வங்கியிலேயே என் பெயரில் மூன்று வருடம் டெபாசிட்டாகக் கிடக்கும். அதற்கு வட்டி வராது. அந்த அளவு கடனுக்கு வட்டி போடவும் மாட்டார்கள். யூனிட் ஓடுகிறதா என்று நேரில் வந்து பார்த்த பிறகே கடனில் கழிப்பார்கள். மெஷினை விற்றுவிட்டு ஓடுகிறவனுக்கு இதில் என்ன கிடைக்கும்? கிராமத்துப் பெண் என்பதால் எனக்கு 35 சதவீதம், கைக்காசு 5 சதவீதம் போட்டால் போதும். அது இல்லாவிட்டால் இன்றும் ஊர் மில்லில் வரிசையில் நின்று மிளகாய் அரைத்துக்கொண்டிருப்பேன்.

பேங்க் ரிட்டயர்டு:
மானியத்தை விடுங்கள், கடனே கிடைக்காததுதான் பிரச்சினை. குறு, சிறு தொழிலுக்குக் குறிப்பிட்ட தொகை வரை அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆனாலும் கேட்கிறார்கள். கடன் வராக்கடன் ஆனால் மேனேஜர்தான் பதில் சொல்ல வேண்டும், அந்தப் பயம்.

மசாலா அக்கா:
என்னிடமும் எல்.ஐ.சி. பாண்டு கேட்டார்கள் சார். விதியைச் சொன்னதும், “அடுத்த வாரம் வாங்கம்மா.”

லேத் பட்டறை:
தங்கச்சி, உங்கள் யூனிட் நன்றாக ஓடட்டும். ஓட ஆரம்பித்த பிறகு என்ன கதி என்பதுதான் என் கேள்வி. பம்ப் கம்பெனிக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிறேன். 2006 குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி 45 நாளுக்குள் பணம் வர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. என் பில் நாலு மாதமாகத் தூங்குகிறது. புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடும்.

பேங்க் ரிட்டயர்டு:
ட்ரெட்ஸ் என்று, வர வேண்டிய பில்லைக் காட்டி முன்கூட்டியே பணம் வாங்கும் ஆன்லைன் தளம் இருக்கிறது, அதில் பில்லை ஏற்றலாமே. வங்கிகள் ஏலம் எடுத்து உடனே பணம் தரும்.

லேத் பட்டறை:
வாங்கினவர் ‘ஆமாம், தர வேண்டியதுதான்’ என்று அதில் ஒப்புக்கொள்ள வேண்டுமே சார். அவர் அந்தப் பக்கமே வருவதில்லை.

மசாலா அக்கா:
அப்படியானால் அவர் கழுத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள் அண்ணே. என் மானியத்தை எதற்கு நிறுத்த வேண்டும்?