‘டபுள் பிளைண்ட் ரிவியூ’: தமிழில் என்ன சொல்?

அன்பின் அனைவருக்கும்,

பாடசாலை உளவியல் சஞ்சிகைகளுக்குக் கட்டுரை அனுப்புவோருக்கான கைந்நூல் வரைவில், எழுதியவரும் மீளாய்வாளரும் ஒருவரையொருவர் அறியாமல் கட்டுரையை மதிப்பிடும் முறைக்கு ‘இரட்டைக் குருட்டு மீளாய்வு’ என்று நிற்கிறது. இதை எடுத்துவிட வேண்டும். விசேட கல்விப் பிள்ளைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் வாயில் வரக்கூடிய சொல்லா இது? பொருளும் பிழை. மீளாய்வாளர் கட்டுரையைக் கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டுதான் வாசிக்கிறார்; எழுதியவர் யார் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. ஆங்கிலத்திலும் ‘பிளைண்ட்’ ஒதுங்கி வருகிறது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் சஞ்சிகைகள் ‘மாஸ்க்ட்’ (முகமூடியிட்ட) என்கின்றன, எல்சவியர் பதிப்பகம் ‘டபுள் அனொனிமைஸ்ட்’ (இருபுறமும் பெயர் நீக்கிய) என்கிறது.

என் முன்மொழிவு ‘பெயர்மறை மீளாய்வு’. க.பொ.த. பரீட்சை விடைத்தாளில் பெயர் இல்லாமல் சுட்டெண் மட்டும் இருக்கிறதே, அந்த முறைதான்.

– உப்புவெளி

*

அஸ்ஸலாமு அலைக்கும் சேர்,

சுட்டெண் உவமை பொருந்துது, சொல்தான் காணாது. பெயரை எடுத்தால் வேலை முடிந்தது என்று நினைக்க வைக்கும். கட்டுரை திரும்பி வருவதே அந்த நினைப்பால்தான்.

தலைப்புப் பக்கத்தைத் தனிக் கோப்பாக்கி, பெயர், நிறுவனம், ஓர்கிட் இலக்கம் (ஆய்வாளருக்கான அடையாள எண்), நன்றியுரை, நிதி விபரம் எல்லாவற்றையும் அதில் ஒழுங்காகப் போடுகிறார்கள். பிரதான கோப்பிலோ ‘எமது முன்னைய ஆய்வில் காட்டியதுபோல’ என்று எழுதி, பக்கத்தில் சொந்தப் பெயரையே மேற்கோளாக வைக்கிறார்கள். அச்சில் வந்த ஆய்வென்றால் படர்க்கையில், வேறொருவருடையதைச் சுட்டுவதுபோல எழுதலாம். இன்னும் வெளிவராததென்றால் படர்க்கை உதவாது. விபரத்தை எடுத்துவிட்டு ‘ஆசிரியர், வெளிவரவுள்ளது’ என்ற மாதிரி ஒரு குறி வைக்க வேண்டும்.

முறையியல் பகுதியில் நெறிமுறைக் குழுவின் அனுமதி இலக்கம் வளாகத்தின் பெயரோடு அப்படியே கிடக்கும். வேர்ட் கோப்பின் ‘ஓதர்’ இடத்தில் கணினிக்காரரின் பெயர், திருத்தங்களைப் பதிந்து வைக்கும் ‘ட்ராக் சேஞ்சஸ்’ குறிப்புகளில் மேற்பார்வையாளரின் பெயர். ஃபைல், இன்ஃபோ போய், இப்படி ஒளிந்திருக்கும் விபரங்களைத் தேடி அழிக்கும் ‘இன்ஸ்பெக்ட் டொக்கியுமண்ட்’ ஓட்ட வேண்டும். மூலக் கோப்பில் வேண்டாம், ஒரு நகலில். அழிந்த குறிப்பு திரும்பி வராமல் போகலாம். அதன் பிறகுதான் பிடிஎஃப்.

ஆகவே ‘அடையாளமறை மீளாய்வு’.

– கிண்ணியா

*

‘மறை’ வேண்டாமே. நம்ம பக்கம் மறை என்றால் ஒன்று வேதம், மற்றது மறைமாவட்டம். இரண்டு பக்கமும் என்பதற்கு ‘இருமறை’ என்று யாராவது சுருக்கினால் வேதம் இரண்டாகிவிடும். இன்னொன்று, மறைப்பது என்பதில் களவு வாடை அடிக்குது. இங்கே யாரும் எதையும் ஒளிக்கவில்லை, ஆளைத் தெரியாமல் மதிப்பிடுகிறோம், அவ்வளவுதான்.

‘ஆளறியா மீளாய்வு’. செல்லாக்காசு மாதிரியான கட்டு, புதிதாக இலக்கணம் தேடத் தேவையில்லை. எழுதியவரை மீளாய்வாளருக்குத் தெரிந்து, மீளாய்வாளரை எழுதியவருக்குத் தெரியாவிட்டால் ‘ஒருபுற ஆளறியா’. இருவருக்கும் தெரியாவிட்டால் ‘இருபுற ஆளறியா’. அனுப்பும் கோப்பு ‘ஆளறியாப் பிரதி’. அதைத் தயாரிக்கும் வேலைக்கு ‘அடையாளம் களைதல்’. கிண்ணியா அக்கா சொன்ன பட்டியல் முழுக்க அதற்குள் அடங்கும்.

– மூதூர்

*

ஆளறியாவுக்கு என் கையும் உயருது. ஆனால் ‘அடையாளம் களைதல்’ ஓரிடத்தில் குழப்பும். ஆய்வில் பங்குபற்றிய பிள்ளைகளின் அடையாளத்தையும் களைகிறோமே. அது வேறு வேலை. எழுதியவரின் பெயர் கட்டுரை ஏற்கப்பட்டதும் திரும்பி வந்துவிடும். பிள்ளையின் பெயரும் பாடசாலையின் பெயரும் எப்போதும் வரக் கூடாது. ‘கிண்ணியா வலயத்தின் ஒரு 1ஏபி பாடசாலை’ என்று எழுதினால் பெயரே தேவையில்லை. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவும் உள்ள அந்த வகைப் பாடசாலைகள் ஒரு வலயத்தில் விரல் விட்டு எண்ணக்கூடியவை, ஊரார் உடனே பிடித்துவிடுவார்கள். ‘கிழக்கு மாகாணத்தின் கரையோர வலயமொன்று’ போதும். அதற்காகப் போரையும் 2004 சுனாமியையும் மும்மொழிச் சூழலையும் வெட்டிவிடவும் கூடாது. அவை இல்லாமல் முடிவுகளை வெளியூர் வாசகருக்கு விளங்காது.

பங்குபற்றுநர் பக்கத்துக்கு ‘இரகசியம் பேணல்’ என்ற பழைய சொல்லே இருக்கட்டும். எழுதுநர் பக்கத்துக்கு ‘ஆள்நீக்கம்’?

– உப்புவெளி

*

ஆள்நீக்கம் என்றால் வேலையால் நிற்பாட்டினது மாதிரி இருக்கு சேர்! ‘எழுதுநர் அடையாளம் களைதல்’ என்று முழுதாகவே போடுவோம். நீளந்தான், ஆனால் பிழையாக விளங்காது.

கைந்நூலில் அந்தச் சொல்லுக்கான பதிவில் இரண்டு வரி சேருங்கள். கோப்பின் பெயரையும் மாற்ற வேண்டும். சொந்தப் பெயரில் சேமித்த கோப்பை அப்படியே தரவேற்றுகிறார்கள். கடைசியாக, சஞ்சிகைத் தளம் கட்டித் தரும் பிடிஎஃப்பைத் திறந்து, ஒப்புதல் பொத்தானை அழுத்த முன் தங்கள் பெயரைத் தேடிப் பார்க்கட்டும்.

– கிண்ணியா