பெல்லா வுல்ஃபின் பழைய இலங்கைப் பயணநூல் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம் உறவுகளே. மட்டக்களப்பில் எங்கள் வாசகர் வட்டத்துக்காகப் பெல்லா சிட்னி வுல்ஃப் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன். ஹம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனார்ட் வுல்ஃபின் அக்கா. தம்பியைப் பார்க்க 1907இல் கண்டிக்கு வந்தவர், 1910இல் பேராதனைப் பூங்காவில் வேலை பார்த்த தாவரவியலாளர் ராபர்ட் லொக்கைக் கல்யாணம் செய்தார். சிறுவர் கதைகள் எழுதிவந்தவர், 1914இல் 'ஹவ் டு சீ சிலோன்' என்ற பயண வழிகாட்டியைக் கொண்டுவந்தார். பிறகு ஹொங்கொங், காம்பியா என்று போன இடமெல்லாம் எழுதினார். தம்பியைப் பற்றி எவ்வளவோ எழுதியாகிவிட்டது, அக்காவைத் தமிழில் யாரும் கண்டுகொள்ளாதது எனக்குப் பெரிய மனக்குறை.

எனக்குக் கிடைத்த பிரதியில் பின்பக்கங்களைக் கறையான் அரித்துவிட்டது, மிஞ்சியவை தொட்டாலே பொடியாக உதிர்கின்றன. நம்ம பக்கத்தைப் பற்றி அவர் என்ன சொன்னார் என்பதுதான் எனக்கு முக்கியம். அப்போது மட்டக்களப்புக்கு ரயிலும் வரவில்லை, கல்லடிப் பாலமும் கட்டவில்லை (பாலம் வந்தது 1924இல்). வெளியூர்க்காரர் ஒருவரை இங்கே வரச்சொல்லி எந்த வழியைக் காட்டியிருப்பார்?

முழுப் பிரதி வைத்திருப்பவர்கள் கிழக்கு மாகாணம் வரும் பக்கங்களை மட்டும் போனில் படமெடுத்து அனுப்பினால் போதும். பழைய பதிப்பு, மறுபதிப்பு எதுவானாலும் சரி, பதிப்பு ஆண்டு தெரியும் முதல் பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள். அம்பாறை, கல்முனைப் பக்கம் பழைய புத்தகம் சேர்ப்பவர்களைத் தெரிந்தால் இந்தப் பதிவில் டேக் பண்ணிவிடுங்கள்.