குதிரை சவாரி சிகிச்சை: ஆறு வயது மகளுக்குப் பலன் தருமா?

கேள்வி:
மகளுக்கு மூளை முடக்குவாதம். கால்கள் இறுகிக் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்ளும். சாய்மானம் இல்லாமல் உட்கார முடியாது. குதிரை சவாரி உதவும் என்கிறார்கள், எனக்கோ பயமாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்.

பதில் 1:
என் மகனுக்கும் இதே நிலைதான், இரண்டு வருடமாகக் கூட்டிப் போகிறேன். குதிரை நடக்கும்போது மேலே இருப்பவரின் இடுப்பு முன்பின், பக்கவாட்டு, மேல்கீழ் என்று அசையும். கிட்டத்தட்ட நாம் நடக்கும்போது அசைவது போலவே. நடந்தே பார்க்காத பிள்ளையின் உடம்புக்கு நடை எப்படி இருக்கும் என்று அது காட்டுகிறது. முதல் நாள் பிடரி மயிரை இறுகப் பிடித்துக்கொண்டு அழுதான். கொஞ்ச நேரத்தில் குதிரையின் உடல் சூட்டிலேயே தொடை தளர்ந்துவிட்டது. இப்போது சாப்பிடும்போது தானாக நிமிர்ந்து உட்காருகிறான். நடை வந்துவிடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில் 2:
நான் பிசியோதெரபிஸ்ட். முதலில் இடுப்பு எக்ஸ்ரே எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். மூட்டு விலகியிருந்தாலோ, வலிப்பு கட்டுக்குள் இல்லாவிட்டாலோ அவசரப்பட வேண்டாம். ஹெல்மெட் கட்டாயம். ஒருவர் குதிரையை நடத்த, பக்கத்துக்கு ஓர் ஆள் கூடவே நடக்க வேண்டும்.

பதில் 3:
டென்மார்க்கின் லிஸ் ஹார்டெலுக்குப் போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலில்லை. குதிரையில் ஏற்றி இறக்கவே ஆள் வேண்டும். அவர்தான் 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளி வென்றார்.

கேட்டவர்:
சரி, எக்ஸ்ரேக்கு நாளைக்கே போகிறோம். அப்புறம் ஒன்று, பிடரியைப் பிடித்தால் குதிரைக்கு வலிக்காதா? மகள் கேட்கச் சொன்னாள்.