அரண்மனை மைதானத்தில் அயர்ன் மெய்டன்: நேரில் கண்டவர்களின் அனுபவங்கள்

சென்னையிலிருந்து, 2007 கச்சேரி பற்றி

2007 மார்ச் 17, சனிக்கிழமை. பெங்களூர் அரண்மனை மைதானத்தில் இங்கிலாந்தின் ராக் இசைக்குழுவான அயர்ன் மெய்டன் வாசித்த அந்த இரவைப் பற்றி எழுத வேண்டும் என்று பல ஆண்டுகளாக நினைத்து வந்திருக்கிறேன். 1975-இல் கிழக்கு லண்டனில் ஸ்டீவ் ஹாரிஸ் தொடங்கிய இந்தக் குழு இந்திய மண்ணில் கால் வைத்தது அதுவே முதல் முறை. டீப் பர்ப்பிளும் ரோலிங் ஸ்டோன்ஸும் அதற்கு முன்பே இங்கு வந்து போயிருந்தன. ஆனால் ஹெவி மெட்டல் என்னும் அதிரடி ராக் வகையில் இத்தனை பெரிய குழு ஒன்று, முந்தைய ஆண்டு வெளிவந்த புதிய ஆல்பத்தின் பாடல்களோடு, முழு வேகத்தில் இருக்கும்போதே நம் ஊர்ப்பக்கம் வந்ததை அதுவரை நாங்கள் கண்டதில்லை.

நான் அப்போது பொறியியல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். மெய்டன் எனக்கு அறிமுகமானது பர்மா பஜாரில் வாங்கிய ஓர் எம்பி3 சிடி வழியாகத்தான். ஒரே வட்டில் பத்துப் பன்னிரண்டு ஆல்பங்கள் இருக்கும். பாடல்களின் வரிசை மாறிக் கிடக்கும். சில பாதியிலேயே நின்றுவிடும். வகுப்பில் அறுபது பேர் இருந்தும் இந்த இசையைப் பற்றிப் பேச ஒருவர்கூட இல்லை. வீட்டில் ஸ்பீக்கரில் போட்டால், "யாருடா இவன், இந்தக் கத்து கத்துறான்?" என்று கேட்டுவிட்டு அக்கா கதவைச் சாத்திக்கொள்வாள். ஆகவே ஆறு ஆண்டுகளாக மெய்டன் எனக்கு ஹெட்ஃபோனுக்குள் மட்டுமே ஒலித்த குழுவாக இருந்தது.

டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தில் டிக்கெட் வாங்கிக்கொண்டு, வெள்ளிக்கிழமை இரவு பெங்களூர் மெயிலில் முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறினேன். காட்பாடியில் ஏழெட்டு மாணவர்கள் ஏறினார்கள். அனைவரும் கறுப்பு டி-ஷர்ட்; அவற்றில் இரண்டில் மெய்டனின் சின்னமான எடியின் எலும்பு முகம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு மனிதரின் நெஞ்சில் அந்த முகத்தை நான் பார்த்தது அன்றுதான். எதிரே வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்திருந்த பெரியவர், நாங்கள் ஏதோ கட்சி மாநாட்டுக்குப் போகிறோம் என்று எண்ணி எந்தத் தலைவர் வருகிறார் என்று விசாரித்தார். மெய்டனின் பாடகர் புரூஸ் டிக்கின்சனின் பெயரை ஒருவன் உரக்கச் சொல்ல, அவரும் மரியாதையாகத் தலையசைத்துக்கொண்டார்.

மார்ச் வெயிலில் வரிசை நகரவே இல்லை. வாயிலில் பெல்ட்டைக் கழற்றச் சொன்னார்கள், தண்ணீர்ப் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டார்கள். உள்ளே செம்மண் புழுதி. முதலில் டெல்லியின் ராக் குழுவான பரிக்ரமா வாசித்தது. அடுத்து ஸ்டீவ் ஹாரிஸின் மகள் லாரன் ஹாரிஸ் பாடினார். பொழுது சாய்ந்து வெகுநேரம் கழித்து மேடை இருண்டு, மூன்று கிட்டார்களும் ஒருசேர எழுந்தபோது, என் வயிற்றுக்குள் முதலில் அதிர்ந்தது ஹாரிஸின் பேஸ் கிட்டார்தான். ஹெட்ஃபோனில் அந்த பேஸ் தந்தி தட்டும் ஓசையாகத்தான் கேட்டிருந்தது. மைதானத்தில் அது விலா எலும்பில் வந்து இடித்தது. டேவ் மரே சிரித்துக்கொண்டே வாசித்தார், யானிக் கெர்ஸ் கிட்டாரைத் தலைக்குமேல் சுழற்றினார். இவையெல்லாம் காணொளிகளில் பார்த்தவைதான் என்பதால் விரிவாக எழுதவில்லை. நான் சொல்ல வந்தது ஒரே ஒரு பாட்டைப் பற்றி.

1992-இல் வந்த 'ஃபியர் ஆஃப் தி டார்க்' பாட்டின் தொடக்கத்தில் ஒரு கிட்டார் மெட்டு வரும். என் பர்மா பஜார் சிடியில் இருந்தது அதன் மேடைப் பதிவு மட்டுமே. அதில் அந்த மெட்டோடு சேர்ந்து, சொல்லே இல்லாமல், "ஓ... ஓ..." என்று ஆயிரக்கணக்கான குரல்கள் எழும். அசல் பாட்டிலேயே அப்படி ஒரு கோரஸ் இருப்பதாகத்தான் நெடுநாள் நம்பியிருந்தேன். அன்று மேடையில் அந்த மெட்டு தொடங்கியதும், வழக்கமாக வரும் அந்தக் குரல் எங்கே என்று ஒரு நொடி காத்திருந்தேன். அடுத்த நொடியில் அது என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. பின்வரிசைகளில் தொடங்கி அலைபோல ஏறி, எங்களைக் கடந்து மேடைக்குப் போனது. திரும்பிப் பார்த்தேன்; 30,000 பேருக்கு மேல் இருந்தார்கள் என்று பின்னர் செய்திகளில் படித்தேன். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஒவ்வொருவரும் எங்கோ ஓர் அறையில் தனியாக உட்கார்ந்து மனப்பாடம் செய்த மெட்டு அது. ஒருவருக்கும் சுருதி விலகவில்லை என்றே இன்றும் சாதிப்பேன்.

என் பக்கத்தில் நின்றவர் ஷில்லாங்கிலிருந்து மூன்று நாள் பயணம் செய்து வந்தவர். பாட்டு முடிந்தபோது அவர் கை என் தோளில் இருந்தது, என் கை அவர் தோளில் இருந்தது. எப்போது போட்டுக்கொண்டோம் என்று இருவருக்கும் தெரியவில்லை. எப்படியோ உள்ளே கொண்டுவந்திருந்த தண்ணீரில் சரிபாதியை எனக்குக் கொடுத்தார். இருவருக்கும் தொண்டை கட்டிப்போயிருந்ததால் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

வெளியே வந்தால் தேநீர்க் கடையில் ஒரே துக்கம். உலகக் கோப்பையில் வங்கதேசத்திடம் இந்தியா 191 ரன்னுக்குச் சுருண்டிருந்தது. ஊருக்குத் திரும்பும் பேருந்தில் நள்ளிரவுக்கு மேல் தோல்விச் செய்தியும் வந்து, எல்லோரும் தலையில் கைவைத்திருந்தபோது, கறுப்புச் சட்டைக்காரர்கள் நாங்கள் ஐந்து பேர் மட்டும் மலர்ந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தோம். நடத்துநர் எங்களை நல்லவிதமாகப் பார்க்கவில்லை.

கோவையிலிருந்து, 2009 கச்சேரி பற்றி

மேலே எழுதியவருக்கு நன்றி. 2007 மார்ச்சில் எனக்குப் பிளஸ் டூ பொதுத்தேர்வு. கச்சேரிக்குப் போகட்டுமா என்று கேட்கும் துணிவுகூட வரவில்லை. மறு ஆண்டு பிப்ரவரி 1 அன்று மும்பையில்தான் அவர்கள் தங்கள் உலகப் பயணத்தையே தொடங்கினார்கள். எடியின் படம் தீட்டிய போயிங் 757 விமானத்தை டிக்கின்சனே ஓட்டி வந்த அந்தப் பயணத்தையும் செய்தித்தாளில் மட்டுமே பார்த்தேன். 2009 பிப்ரவரி 15 அன்று அவர்கள் மீண்டும் பெங்களூர் வந்தபோது, நான் தனியாகப் போகக் கூடாது என்று அம்மா பிடிவாதம் பிடித்ததால் அப்பா என்னோடு வந்தார். முப்பது ஆண்டுகள் நூற்பாலை இரைச்சலில் வேலை செய்தவர் அவர். அந்தச் சத்தம் அவரை ஒன்றும் செய்யவில்லை. எகிப்தியப் பாணியில் தீட்டிய திரைச்சீலைகளை வெகுநேரம் ரசித்தார். டிரம்ஸ் குவியலுக்குள் நிக்கோ மெக்பிரெய்ன் இருக்கும் இடமே தெரியாததைக் கண்டு, "உள்ளார ஆள் இருக்குதா கண்ணு?" என்று கேட்டார். அவர் செருப்பில்லாமல் வெறுங்காலால்தான் பெடலை மிதிப்பார் என்று சொன்னபோது அப்பாவுக்கு அவர்மேல் தனி மதிப்பு வந்துவிட்டது.

நீங்கள் எழுதிய அதே பாட்டு வந்தபோது நான் அவரை மறந்துவிட்டேன். முடிந்ததும் திரும்பிப் பார்த்தேன். "பாடுறவரைவிடக் கூட்டம் நல்லாப் பாடுது கண்ணு" என்றார். அவர் இப்போது இல்லை. அந்த டிக்கெட்டின் அடிக்கட்டை அவருடைய ரேஷன் கார்டு உறைக்குள் இருந்தது. அவர் அதை எடுத்து வைத்திருந்ததே எங்களுக்குத் தெரியாது.

பெங்களூரிலிருந்து, 2007 கச்சேரி பற்றி

நான் மைதானத்துக்குள் போகவில்லை. ஆனாலும் அந்த இரவைக் கேட்டவள் என்பதால் எழுதுகிறேன். அப்போது ஜெயமஹாலில் ஒரு மகளிர் விடுதியில் தங்கியிருந்தேன். வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டிக்கெட் வாங்கக் கையில் காசில்லை. விடுதி வாயிலை ஒன்பது மணிக்கே பூட்டிவிடுவார்கள். அறைத்தோழியும் நானும் மொட்டைமாடியில், காயப்போட்ட போர்வைகளுக்கு நடுவே நின்று கேட்டோம். அங்கிருந்து கிட்டார்கள் தெளிவாக விழவில்லை. காற்று அடிக்கும்போது வரும், நின்றால் மறைந்துவிடும். டிரம்ஸின் அடி மட்டும் கைப்பிடிச் சுவரில் கைவைத்தால் மெல்லத் தெரிந்தது.

கூட்டத்தின் அந்த "ஓ... ஓ..." குரல் மட்டும் காற்றை எதிர்பார்க்காமல் வந்து சேர்ந்தது. முதலில் எங்கோ கோயில் திருவிழா என்று தோழி நினைத்தாள். அது எந்தப் பாட்டு என்று புரிந்ததும் நானும் சேர்ந்துகொண்டேன்; அந்தப் பாட்டையே கேட்டிராத அவளும் இரண்டாம் முறை மெட்டைப் பிடித்துக்கொண்டாள். கீழே கூடத்தில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்கார மாமா, "இங்க ஒவ்வொருத்தனா அவுட் ஆயிட்டிருக்கான், மேல என்னம்மா பாட்டு?" என்று குரல் கொடுத்தார். பாட்டு முடியும்வரை நாங்கள் இறங்கவில்லை.