பர்வதமலையில் என் கையால் அபிஷேகம்

திருவண்ணாமலை மாவட்டத்தில், உச்சியில் சிவன் கோயில் இருக்கும் பர்வதமலைக்குப் பௌர்ணமி அன்று போகாதீர்கள். பாறையில் ஏறக் கட்டியிருக்கும் சங்கிலியைப் பிடிக்கவே வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். நான் சாதாரண வார நாளில், தென்மாதிமங்கலம் வழியாக விடியலில் ஏறினேன்.

அடிவாரத்தில் வீரபத்திரர், பச்சையம்மன் கோயில்கள். அதன் பிறகு படிகள், காடு, கரடுமுரடான கல்பாதை. இதுவரை மூச்சுதான் வாங்கும். உச்சியை நெருங்கும்போது வருகிற கடப்பாரை நெட்டுதான் ஆளைச் சோதிக்கும். செங்குத்தான பாறையில் கடப்பாரைகளை இறக்கிச் சங்கிலி கட்டியிருக்கிறார்கள். காற்று ஆளைத் தள்ளுகிறது. பாதியில் எனக்குக் கால் நடுங்கி நின்றுவிட்டேன்.

மேலே போய்க்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். வெறுங்கால், முதுகில் துண்டால் கட்டிய பால் தூக்கு. "சங்கிலியை நம்பி உடம்பைத் தொங்கவிடாதே தம்பி. பாரம் காலில் இருக்கட்டும், கை துணைக்குத்தான்" என்றார். அவர் கால் வைத்த இடத்தில் கால் வைத்தே ஏறினேன். கயிலையிலிருந்து வந்த சிவன் முதல் அடியை இந்த மலையில்தான் வைத்தார், மலை பாரம் தாங்காமல் அழுந்தியதால் அடுத்த அடியை அண்ணாமலையில் வைத்தார் என்ற கதையை வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். என் பயத்தை மறக்கடிக்கத்தான் சொன்னார் என்று இப்போது நினைக்கிறேன்.

உச்சியில் மல்லிகார்ஜுனரும் பிரமராம்பிகையும். இங்கே பக்தர்களே அபிஷேகம் செய்யலாம் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆனாலும் கருவறை வாசலில் தயங்கி நின்றேன். பெரியவர் தூக்கை என் கையில் கொடுத்து, "நீயே ஊற்று" என்றார். பெரிய கோயில்களில் கம்பித் தடுப்புக்குப் பின்னால் நின்று, "நகருங்கள், நகருங்கள்" என்ற குரலோடு சாமி கும்பிட்டே பழகியவன் நான். லிங்கத்தின் மீது பால் வழிந்தபோது அழுதுவிட்டேன். இந்த உரிமை அந்த மலையில் என்றைக்கும் இருக்க வேண்டும்.

சங்க இலக்கியமான மலைபடுகடாம் பாடும் நவிர மலை இதுதான் என்கிறார்கள். நஞ்சுண்ட சிவனை அது 'காரியுண்டிக் கடவுள்' என்கிறது. நன்னன் என்ற மன்னனைத் தேடிப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்லும் அந்தப் பாட்டில், பாசி படர்ந்து கால் வழுக்கும் இடத்தில் மூங்கிலையும் எருவை என்ற நாணல் கோலையும் பற்றிக்கொண்டு கடந்து போங்கள் என்று ஓர் அறிவுரை வருகிறது. வீடு திரும்பிய பிறகு படித்தேன். பெரியவர் குரலிலேயே கேட்டது.

* * *

மேலே எழுதிய நண்பருக்கு நன்றி. நான் இன்னோர் அடிவார ஊரான கடலாடி வழியாக ஏறியவன். படிகள் குறைவு, காட்டுப் பாதை அதிகம். தனியாகப் போக வேண்டாம், தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள். இரண்டு வழிகளும் மேலே ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன.

ஒரு மனக்குறை. அபிஷேகத்துக்குக் கொண்டுபோகும் பால் பாக்கெட்டுகளையும் பாட்டில்களையும் பாறை இடுக்குகளில் செருகிவிட்டு வருகிறார்கள். நான் போன அன்று ஓர் அம்மா அவற்றைப் பொறுக்கிச் சாக்கில் சேர்த்துக்கொண்டிருந்தார். எந்த ஊர் என்று கேட்டேன். அடிவாரத்தைக் காட்டிவிட்டு, சாக்கின் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார். இருவருமாக இறக்கினோம். நீங்கள் போகும்போது பையில் ஒரு காலிச் சாக்கு வைத்துக்கொள்ளுங்கள்.