தினமும் வைத்துக்கொள்ள: ஒப்பினல் எண் 8-ஆ, விக்டோரினாக்ஸ் ஸ்பார்ட்டனா?

ஒரே ஒரு மடக்குக் கத்தி வாங்க வேண்டும், இரண்டில் வந்து நிற்கிறேன், முடிவெடுக்க முடியவில்லை. ஒப்பினல் எண் 8, கார்பன் எஃகு, 8.5 செ.மீ. அலகு, வளையத்தைத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். ஸ்பார்ட்டன் மடக்கினால் 9.1 செ.மீ., துருப்பிடிக்காது, ஆனால் பூட்டு இல்லை.

வேலை: அட்டைப்பெட்டி, கயிறு, அப்புறம் பழம். கை எப்போதும் ஈரம்.

இரண்டையும் நண்பர்களிடம் வாங்கி மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். ஒப்பினலின் மெல்லிய அலகு அட்டையில் அவ்வளவு சுலபமாக இறங்குகிறது, ஆனால் ஈரத்தில் மரப்பிடி உப்பி மடிப்பு இறுகுவதும் பழச்சாறு பட்டால் கார்பன் கறுப்பதும் அந்தப் பொருட்களின் இயல்பு. ஒப்பினலிலேயே இனாக்ஸ் (துருப்பிடிக்காத எஃகு) அலகு எடுத்தாலும் மரம் மரம்தானே. ஸ்பார்ட்டனால் தடித்த அட்டையில் குத்தித் துளை போடும்போது அலகு விரல் மேல் மடங்கிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

ஈரக்கையோடு தினமும் கத்தி பிடிப்பவர்கள் சொல்லுங்கள், பூட்டா, துருப்பிடிக்காத அலகா, எதை விட்டுக்கொடுப்பீர்கள்?